சிறுநீரில் தெரியும் கிருமி யாருக்கு உதவும்?

கொரோனா வந்த புதிதில் கிருமியைச் சளியில் மட்டும் தேடவில்லை. ரத்தம், மலம், கண்ணீர், சிறுநீர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தார்கள். சிறுநீரில் கிருமியின் மரபுப்பொருள் தென்பட்டால் நோய் கடுமையாகிவிட்டது என்று கொள்ளலாம் என்ற கருத்து அந்தத் தேடலில் வலுப்பெற்றது. 2020 மார்ச்சிலேயே கொரோனா பரிசோதனையைத் தொடங்கிய தமிழகத்தின் முதல் சில அரசு ஆய்வகங்களில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆய்வகமும் ஒன்று. அத்தகைய வசதி உள்ள ஊரில் இந்தக் கருத்தை எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

கருத்தின் அடிப்படை வலுவானது. இந்தக் கிருமியின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். நலமாக இருக்கும் சிறுநீரக வடிகட்டி இவ்வளவு பெரிய துகளை வெளியே விடாது. ஆகவே சிறுநீரில் கிருமி இருந்தால், ஒன்று வடிகட்டி சேதமாகியிருக்க வேண்டும், அல்லது கிருமி ரத்தத்தின் வழியே போய்ச் சிறுநீரகத்துக்குள்ளேயே பெருகியிருக்க வேண்டும். கிருமி பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ.2 புரதம் சிறுநீரகக் குழாய்ச் செல்களில் நிறையவே உண்டு. சீனாவில் கவலைக்கிடமான ஒரு முதியவரின் சிறுநீரிலிருந்து உயிருள்ள கிருமியையே பிரித்தெடுத்தார்கள். 2003இல் ஹாங்காங்கில் சார்ஸ் கண்டவர்களிடம், நோய் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து எடுத்த சிறுநீரில் சுமார் 42 சதவீதத்தில் கிருமியின் தடயம் இருந்தது. தொண்டையில் குச்சி விட்டுக் குமட்ட வைக்கும் வேலை இல்லை, நோயாளியே மாதிரியைப் பிடித்துத் தரலாம் என்பது கூடுதல் நன்மை.

சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. 2020இல் சீனாவில் 205 நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, சளியில் 72 சதவீதத்தில் கிருமி தெரிந்தது. சிறுநீர் மாதிரிகள் 72, ஒன்றில்கூடத் தெரியவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளிலும் கொரோனா நோயாளிகளில் மிகச் சிலருக்கே சிறுநீரில் கிருமி இருந்தது. ‘இல்லை’ என்று முடிவு வந்தால் நோயாளி தப்பித்தார் என்று சொல்ல வழியே இல்லை. சிறுநீரில் உள்ள யூரியா போன்றவை பி.சி.ஆர். வினையையே தடுக்கக்கூடியவை. படுத்த படுக்கையாக இருப்பவரின் மாதிரியில் மலம் கலந்துவிடலாம். அப்படியே கிருமி தெரிந்தாலும், உயிருள்ள கிருமியா, செத்த துணுக்கா என்று பி.சி.ஆர். பிரித்துச் சொல்லாது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. சிறுநீரை யாரிடம் எடுத்தார்கள்? பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களிடம், அதிலும் நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்களிடம். கடுமையான நோயாளிகளிடமே திரும்பத் திரும்பத் தேடினால், அவர்களிடம்தானே அதிகம் கிடைக்கும்? குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்று வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, பாபநாசத்தில் அணை திறந்துவிட்டார்கள் என்று அறிவிப்பது போன்றது இது. செய்தி உண்மை, ஆனால் கரையில் இருப்பவனுக்கு அது பயன்படாது.

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் மூச்சு வாங்கும் ஒரு பீடித் தொழிலாளியைப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புவதா, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதா என்று அரை மணி நேரத்தில் முடிவெடுத்தாக வேண்டும். பி.சி.ஆர். முடிவு வர மணிக்கணக்காகும். நெருக்கடியில் நாள்கணக்கும் ஆகும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கணக்கும் அங்கேயே விடை சொல்கின்றன. 2022 ஏப்ரலில் தமிழகத்தில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த வழியைத்தான் பிடித்தது. உடல் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பதை வைத்தே யாரை உடனே சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள்.

அதற்காகச் சிறுநீரை மறந்துவிடச் சொல்லவில்லை. வூஹானில் மருத்துவமனையில் சேர்ந்த 701 பேரைக் கவனித்த ஆய்வில், சேரும்போதே 43.9 சதவீதத்தினருக்குச் சிறுநீரில் புரதமும் 26.7 சதவீதத்தினருக்கு ரத்தமும் இருந்தன. இவை இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் அதே சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். சர்க்கரை நோயாளிக்கு முன்பே புரதம் போய்க்கொண்டிருக்கலாம் என்பதால் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2021 மே மாதம் லேசான காய்ச்சலுக்கே சி.டி. ஸ்கேன் எடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றதும், எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா அது தேவையில்லை என்று எச்சரித்ததும் நினைவிருக்கும். சிறுநீர்ப் பி.சி.ஆரும் அப்படியொரு ஓட்டத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது. அடுத்த தொற்று வரும்போது நம் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், லேசான நோயாளி உட்பட எல்லோரிடமும் முதல் நாளிலேயே சிறுநீர் எடுத்து, கிருமியையும் புரதத்தையும் சேர்த்தே சோதித்து வெளியிடட்டும். அந்தச் சான்று கைக்கு வரும்வரை, யாருக்குப் படுக்கை, யாருக்கு ஆக்சிஜன் என்று தீர்மானிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்தக் கூடாது.