விஞ்ஞானக் கதையும் மாயக் கதையும்: எல்லை எங்கே?

பழனி வட்டத்துக் கீரனூரில் நின்று தெற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நீல நிறமாய்த் தோன்றுகிறது. அம்மலைத்தொடரைப் பற்றி நாம் இரு வேறு செய்திகளைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அடிவாரத்து மக்கள் சொல்லும் கதையில், இடும்பன் என்னும் அசுரன் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வருகிறான். மலைமேல் கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரியனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதை 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் கண்டறிந்தார்.

இடும்பன் கதையைக் கேட்கும் எவரும், "குன்றின் எடை எவ்வளவு? காவடித் தண்டு ஏன் முறியவில்லை?" என்று கேட்பதில்லை. எவர்ஷெட்டின் செய்தியைக் கேட்பவரோ, "இத்தனை தொலைவில் இருந்துகொண்டு அதை எப்படி அறிந்தார்?" என்று கேட்டே தீர வேண்டும். கேட்டால் விடையும் உண்டு. ஒளியைப் பிரித்துப் பார்க்கையில் நிறமாலைக் கோடுகள் தம் இடத்தினின்று சற்றே நகர்ந்திருந்ததைக் கொண்டு அவர் அதைக் கணித்தார். ஒரே மலைத்தொடர் நம்மிடம் இருவகையான கேட்டலை வேண்டுகிறது. விஞ்ஞானக் கதைக்கும் மாயக் கதைக்கும் இடையே எல்லை எங்கே விழுகிறது என்னும் வினாவுக்கு இதைவிட நல்ல தொடக்கம் நமக்குக் கிடைக்காது.

இவ்வினா ஏதோ இலக்கியவாதிகளின் பொழுதுபோக்கு என்றே நாமும் எண்ணியிருந்தோம். மாலை வேளைகளில் நம் வீட்டுத் திண்ணைக்குப் பாடம் படிக்க வரும் பிள்ளைகள்தாம் அவ்வெண்ணத்தை மாற்றினர். ஒருநாள் அவர்களிடையே, தொலைக்காட்சியில் பார்த்த '7ஆம் அறிவு' படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "போதிதர்மருக்குத் தெரிந்த வித்தையெல்லாம் மரபணு வழியாக அவர் வம்சத்தில் வந்தவருக்கும் இருக்குமாம்" என்றான் ஒரு சிறுவன். "அது சும்மா மாயாஜாலம்டா" என்றான் மற்றவன். "கம்ப்யூட்டர், ஆய்வுக்கூடம் எல்லாம் காட்டினாங்களே! அது அறிவியல்தான்" என்று முதலாமவன் அடித்துச் சொன்னான். பிறகு நம் பக்கம் திரும்பி, "அப்படின்னா இயேசு சுவாமி செய்த புதுமைகளும் அறிவியல்தானாங்க ஐயா?" என்று கேட்டான். நம்மால் சட்டென்று விடை கூற இயலவில்லை. அன்று கூறாத விடையைத் தேடியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. விண்கலமும் இயந்திர மனிதனும் வந்தால் விஞ்ஞானக் கதை, பூதமும் மந்திரக்கோலும் வந்தால் மாயக் கதை என்பது முதலாவது. நடக்கக்கூடியதைச் சொன்னால் விஞ்ஞானக் கதை, நடக்கவே முடியாததைச் சொன்னால் மாயக் கதை என்பது இரண்டாவது. இவ்விரண்டும் நம் நாட்டுப் படைப்புகளின் முன் நிற்குமா என்று பார்ப்போம்.

1957-இல் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் பிரியதர்சினி என்றொரு பேழை வருகிறது. திறந்து பார்ப்பவர் எதை மிகவும் விரும்புகிறாரோ அது அதில் தோன்றும். வத்சலா அதில் தொலைவிலுள்ள அபிமன்யுவைக் காண்கிறாள். அன்று அது வெறும் மாயம். இன்றோ, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பேசும் தாயாரை நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். நடக்க முடியாதது நடந்துவிட்டது. ஆகவே 'மாயா பஜார்' இப்போது விஞ்ஞானக் கதையாகிவிட்டதா? இல்லை என்றே எவரும் சொல்வர். ஏனெனில் அப்பேழை உருவத்தை எவ்வாறு கடத்துகிறது என்பதில் அக்கதைக்கு அக்கறையே இல்லை. பார்ப்பவரின் நெஞ்சில் இருப்பது என்ன என்பதைக் காட்டவே அது வந்தது. பேழை அங்கே கருவியன்று, உள்ளத்தைச் சோதிக்கும் உரைகல்.

இனி, எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்துக்கொள்வோம். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, எத்தனையோ வீடுகளில் வாரந்தோறும் காத்திருந்து படிக்கப்பட்ட கதை அது. எதிர்கால இந்தியாவை ஜீவா என்னும் தலைவன் ஆள்கிறான். மக்கள் பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பெயரைக்கூடச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஜீனோ என்னும் இயந்திர நாய் அங்கே பேசுகிறது, படிக்கிறது, நகைச்சுவை செய்கிறது. பேசும் நாய் நம் பாட்டிமார் கதைகளிலும் வரும். ஆனால் பாட்டி கதையின் நாயை நோக்கி, "எப்படிப் பேசுகிறாய்?" என்று நாம் கேட்பதில்லை. ஜீனோவை நோக்கி அவ்வாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. மின்னணுப் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே எழுதினார். மக்கள் வணங்கும் ஜீவாவே ஒளியால் உருவாக்கிய பொய்யுருவம் என்று பின்னர் வெளிப்படும்போது, அது தேவதையின் சாபத்தால் நேர்ந்தது என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. செய்தவர் யார், எவ்வாறு செய்தனர் என்பதற்குக் கதைக்குள்ளேயே கணக்குக் காட்டுகிறார்.

எல்லை எங்கே என்பது இப்போது ஓரளவு தெளிவாகிறது. கதையில் வரும் பொருளை வைத்து அதைக் கண்டுபிடிக்க இயலாது. வாசகரின் எந்தக் கேள்விக்குக் கதை தன்னைக் கடன்பட்டதாக ஆக்கிக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். "எப்படி?" என்னும் கேள்விக்கு விடை சொல்ல ஒப்புக்கொண்ட கதை விஞ்ஞானக் கதை. அவ்விடை பிற்காலத்தில் தவறாகிப் போகலாம், அதனால் குற்றமில்லை. மாயக் கதையோ அக்கேள்வியிலிருந்து நம்மை விடுவித்து, "எதற்காக?" என்னும் கேள்விக்குக் கடன்படுகிறது.

மாயக் கதைக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கத்தோலிக்கரும் பேராசிரியருமான டோல்கீன், 1939-இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில், கதைக்குள் அமையும் உலகம் தனக்குள் முரணின்றி இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார். தமிழில் இதற்குப் புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நல்ல சான்று. சென்னை வீதியில் கடவுள் வந்து நிற்கிறார். அவர் வந்த வழியை நாம் கேட்பதில்லை. வந்தபின் நடப்பவை எல்லாம் காப்பிக் கடையும், பத்திரிகைச் சந்தாவும், வீட்டுக் கவலையுமாக நம் வாழ்க்கையின் கணக்குப்படியே நடக்கின்றன. கடவுள் ஆடிக் காட்டியும் அந்த நடனத்துக்கு நகரத்தில் மதிப்பில்லை. ஆசிரியர் ஓர் அற்புதத்தைச் செய்து கடவுளைக் காப்பாற்றியிருந்தால் கதை அங்கேயே செத்திருக்கும். எதற்காகக் கடவுளை வரவழைத்தாரோ அந்த நோக்கத்துக்கு அவர் கடைசிவரை உண்மையாக இருந்தார்.

ஒரே நூலுக்குள்ளும் இந்த எல்லைக்கோடு ஓடக்கூடும். கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர் 'கனவு' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1634-இல் அது அச்சாயிற்று. அதில் மனிதரை நிலவுக்குக் கொண்டு செல்வது ஓர் ஆவி. ஆனால் நிலவில் நின்று பார்த்தால் பூமி எவ்வாறு தோன்றும், அங்கே பகலும் இரவும் எவ்வளவு நீளும் என்பவற்றை அவர் தம் காலத்து வானியலின்படி கணக்கிட்டே எழுதினார். பயணம் மாயம், காட்சி விஞ்ஞானம். எது எது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அந்நூலின் கையெழுத்துப் படி வெளியே பரவியதே தம் தாயார்மீது சூனியக்காரி என்னும் வழக்கு வரக் காரணமாயிற்றோ என்று கெப்ளர் பின்னாளில் வருந்தினார். அத்தாயார் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்து 1621-இல் விடுதலையானார். கதையைக் கதையாகப் படிக்கத் தெரியாத சமூகத்தில் என்ன நேரும் என்பதற்கு இது ஒரு சான்று.

இப்போது அச்சிறுவன் பார்த்த படத்துக்கு வருவோம். 2011-இல் வெளிவந்த '7ஆம் அறிவு' மரபணு ஆராய்ச்சியின் பெயரால் பேசுகிறது. முன்னோர் ஒருவர் பயின்று பெற்ற மருத்துவமும் போர்க்கலையும் மரபணுவில் உறங்கிக் கிடந்து, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வாரிசிடம் விழித்தெழும் என்கிறது. கற்ற கல்வி அவ்வாறு மரபணுவில் எழுதப்படுவதில்லை என்பதை உயிரியல் அறிந்தோர் அறிவர். பாட்டன் பாடமாகப் படித்த திருக்குறள் பேரனுக்குப் படிக்காமலே வந்துவிடுமானால் பள்ளிக்கூடங்களை மூடிவிடலாமே! "ஒருவேளை அப்படி நடந்தால்?" என்று கற்பனை செய்வதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் கற்பனைக்கும் கணக்கு உண்டு. இங்கே "எப்படி?" என்று நாம் கேட்கத் தொடங்கும்போது ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குழாய்களைக் காட்டுகிறார்கள். விடையை எதிர்பார்க்கும்போது இனப் பெருமையைக் காட்டுகிறார்கள். மாயக் கதையாகவே சொல்லியிருந்தால் போதிதர்மரின் ஆவி வந்து இறங்கியது என்று ஏற்றுக்கொண்டு, அதன் பொருளைச் சிந்தித்திருப்போம். அப்படம் விஞ்ஞானத்தின் மதிப்பைக் கடனாக வாங்கியது, திருப்பித் தரவில்லை. அதனால்தான் நம் சிறுவன் கதையைப் பார்த்துவிட்டுச் செய்தியோடு வீடு திரும்பினான்.

இது ஒரு படத்தோடு முடிகிற தீங்கன்று. பழங்காலத்தில் விமானங்கள் பறந்தன என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும் 'வைமானிக சாஸ்திர'த்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஐவர் 1974-இல் ஆராய்ந்தனர். அந்நூல் பழமையானதன்று, 20-ஆம் நூற்றாண்டில் தோன்றியதே என்றும், அதில் கூறப்படும் கலங்கள் பறக்கும் தகுதியற்றவை என்றும் எழுதினர். அவ்வாறு எழுதி 40 ஆண்டுகளுக்குப் பின்னும், 2015-இல் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலேயே பழங்கால விமானங்களைப் பற்றிய உரை இடம்பெற்றது. புராணத்தின் புட்பக விமானம் கவிதையாய் இருந்தவரை அழகாய் இருந்தது. அதை எந்திரமாக்க முயன்றோர் கவிதையையும் இழந்தனர், எந்திரத்தையும் பெறவில்லை.

பிறர் கண்ணிலுள்ள துரும்பை மட்டும் பார்ப்பது நமக்கு அழகன்று. விசுவாசத்துக்கு விஞ்ஞானச் சட்டை தைத்துப் போட்டுப் பார்க்கும் ஆசை நம்மிடமும் உண்டு. பேரண்டம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்னும் கருத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பெல்ஜிய நாட்டுக் குருவான ஜார்ஜ் லெமேத்ர். 1951-இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அக்கருத்தைப் படைப்பின் உண்மையோடு இணைத்துப் பேசியபோது, பெருமைப்பட வேண்டிய அந்தக் குருவே அதை விரும்பவில்லை. தம் வானியல் கருத்து வானியல் சான்றுகளாலேயே நிற்கவோ விழவோ வேண்டும் என்பது அவர் நிலை. தம் விசுவாசம் அந்தச் சமன்பாடுகளின்மேல் கட்டப்பட்டதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

நேர்மையான விஞ்ஞானக் கதை நம் விசுவாசத்தையே கேள்வி கேட்டாலும் நாம் அஞ்ச வேண்டியதில்லை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008-இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் கிளார்க், 1955-இல் 'விண்மீன்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை வெளியிட்டார். அதில் வானியலறிஞரான இயேசு சபைக் குரு ஒருவர், வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனை ஆராய்கிறார். அது ஓர் உயர்ந்த நாகரிகத்தையே எரித்து அழித்தது என்று அறிகிறார். ஒளி பயணம் செய்த காலத்தைக் கணக்கிட்டபோது, பெத்லகேமில் ஞானியர் கண்ட விண்மீன் அதுவே என்று தெரிகிறது. குருவின் நெஞ்சு உடைகிறது. கிளார்க் கடவுள் நம்பிக்கை உடையவரல்லர். ஆயினும் அவர் கணக்கில் கள்ளம் இல்லை. "எப்படி?" என்பதற்கு முறையாக விடை சொல்லிவிட்டு, "எதற்காக?" என்னும் வாசலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். குற்றமற்றோர் ஏன் துன்புறுகின்றனர் என்னும் யோபுவின் வினா அது. பொய்யான ஆறுதலைத் தரும் கதையைவிட அக்கதையே நம் பிள்ளைகளுக்கு நல்லது என்போம்.

அச்சிறுவனுக்கு இப்போது நம்மால் விடை கூற முடியும். கானாவூர்த் திருமண வீட்டில் தண்ணீர் திராட்சை இரசமானதை விளக்க வேதியியல் பாடம் நடத்தும் நோக்கம் நற்செய்தியாளர் யோவானுக்கு இல்லை. அதை அவர் அரும் அடையாளம் என்றழைக்கிறார். ஆகவே அது விஞ்ஞானம் அன்று. கேட்போரை மகிழ்விக்கப் புனைந்த மாயக் கதையும் அன்று. தாம் கண்டதை நம்பியவர்கள் தந்த சாட்சியம் அது. சாட்சியத்தைக் கேட்பவன் "சொல்பவர் நம்பத்தக்கவரா? இது என்னிடம் எதைக் கேட்கிறது?" என்று வினவ வேண்டும். இது மூன்றாவது வகையான கேட்டல். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிய பிள்ளைக்கு, நாளை ஆய்வுக்கூடத்தைக் காட்டி எவரும் எதையும் நம்பச் செய்துவிடலாம். அதே பிள்ளைக்கு, ஆய்வுக்கூடம் மெய்ப்பிக்கவில்லை என்னும் ஒரே காரணத்தால் விசுவாசமும் ஒருநாள் உதிர்ந்துபோகலாம்.

எனவே பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பிள்ளைகள் கதை படிப்பதையோ படம் பார்ப்பதையோ தடுக்க வேண்டியதில்லை. முடிந்தபின் அருகில் அமர்ந்து, "இந்தக் கதை எதற்கு விடை சொல்வதாக வாக்களித்தது? சொன்னதா?" என்று கேட்டால் போதும். அடுத்த வாரம் நம் திண்ணைப் பிள்ளைகளோடு 'மாயா பஜார்' பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பிரியதர்சினிப் பேழை உன் கையில் கிடைத்தால் அதில் என்ன தெரியும் என்று அச்சிறுவனைக் கேட்க வேண்டும். அதே கேள்வியை அவன் நம்மிடம் திருப்பிக் கேட்டால் உண்மையைச் சொல்லும் துணிவு நமக்கும் வேண்டும்.