தையலை வெளியே காட்டியவர்

'பின்னலாடையின் அரசி' என்ற பட்டத்தைப் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் சோனியா ரிக்கியெலுக்குச் சூட்டியது அமெரிக்காவின் ஆடைத் தொழில் நாளேடான விமன்ஸ் வேர் டெய்லி. 2016 ஆகஸ்டில், 86ஆம் வயதில் அவர் பாரிஸில் மறைந்தபோது பல நாட்டுப் பத்திரிகைகளும் அந்தப் பட்டத்தையே தலைப்பாக்கின. நெருப்பு நிறக் கூந்தல், கறுப்பு உடை, எழுத்தாளர்களும் ஓவியர்களும் உலவும் இடதுகரைப் பாரிஸ் என்று அவரைச் சுற்றி ஒரு பெருங்கதை வளர்ந்துவிட்டது. அந்தக் கதை உடைகளை மறைக்கிறது. பின்னல் துணியை அவர் எந்த அளவுக்கு மாற்றினார் என்பதே அவரை எடைபோடச் சரியான கேள்வி.

ஆடை வடிவமைப்பை அவர் எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. கணவர் சாம் ரிக்கியெலுக்குப் பாரிஸில் 'லாரா' என்ற துணிக்கடை இருந்தது. கருவுற்றிருந்த காலத்தில் தமக்குப் பிடித்த உடை எங்கும் கிடைக்காமல் தாமே வடிவமைக்கத் தொடங்கினார். 1962இல் ஒரு ஸ்வெட்டரைச் செய்துதரும்படி இத்தாலியப் பின்னலாடைக்காரர் ஒருவரிடம் கேட்டார். சரியாக வரும்வரை ஏழு முறை திருப்பி அனுப்பியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1963 டிசம்பரில் பாடகி பிரான்சுவாஸ் ஆர்தி அந்த வகை ஸ்வெட்டரை அணிந்து எல் இதழின் அட்டையில் தோன்றினார். 'பூவர் பாய் ஸ்வெட்டர்' என்று அது பெயர் பெற்றது.

அந்தக் காலத்து ஸ்வெட்டர் தொளதொளவென்று, சட்டைக்கு மேல் குளிருக்காகப் போடுவதாக இருந்தது. ரிக்கியெல் அதன் தோளைக் குறுக்கினார், அக்குள் பகுதியை மேலே ஏற்றினார், உடம்பைக் குட்டையாக்கினார். குளிர்காப்பாக இருந்தது உடலோடு ஒட்டிய முதன்மை உடையாயிற்று. நெசவுத் துணியில் உடலின் வளைவைக் கொண்டுவரப் பிடிப்புத் தையல்கள் வேண்டும். கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல் துணி தானே இழுபட்டு, தானே பழைய நிலைக்குத் திரும்பும். வளைவைத் துணியின் பொறுப்பில் விட்டு, அளவை மட்டும் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார். ஏழு முறை திருப்பி அனுப்பியதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. இந்த வகை உடையில் விரல் அகல வேறுபாடுகூட எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இதற்கு அடுத்த பாய்ச்சல் 1970களில் வந்தது. அதுவே அவருடைய பெருஞ்சாதனை என்பது என் கணிப்பு. தையலை வெளிப்பக்கம் வைத்தார், கீழ் விளிம்பின் மடிப்பை எடுத்தார், உள்துணியை நீக்கினார். வெட்டிய பின்னல் துணியின் ஓரம் சுருளும், கண்ணி விட்டால் இழை ஓடும் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆகவே மடித்துத் தைத்து உள்ளே மறைப்பதே மரபு. அவர் அந்தக் கனத்தைக் கழற்றியதும் விளிம்பு இறுகாமல் உடலோடு அசைந்தது. தோலில் தையல் உறுத்தவில்லை. ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோ பாரிஸுக்கு வந்தது 1981இல். மறுஆண்டில் அவர் காட்டிய, ஓட்டைகள் நிறைந்த ஸ்வெட்டர் அழகு பற்றிய எண்ணத்தையே உலுக்கியது. உடையின் உள்கட்டை வெளிக்காட்டிய மார்ட்டின் மார்ஜியேலா அதற்கும் பிந்தியவர். ரிக்கியெலின் வெளித்தையல் இவர்களுக்கு முந்தியது, நோக்கத்திலும் மாறுபட்டது. அவர்கள் பார்ப்பவரைக் கேள்வி கேட்டார்கள். இவர் உடுத்துபவருக்கு இதம் தந்தார். விமர்சகர்கள் முன்னதையே உயர்வாகப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

புகழ்பவர்கள் அவர் கணக்கில் ஏற்றும் சிலவற்றைக் கழித்தாக வேண்டும். அவருடைய ஸ்வெட்டர்களின் அடையாளமாகிவிட்ட கிடைக்கோடுகள் அவர் கண்டவை அல்ல. 1858லேயே பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளுக்குக் கோட்டுச் சட்டையைச் சீருடையாக்கிவிட்டது. கோகோ ஷனெலும் அதை எடுத்தாண்டார். உள்ளாடைக்கான துணி என்று கருதப்பட்ட ஜெர்சியை 1910களிலேயே நாகரிக உடையாக்கியதும் ஷனெல்தான். பின்னலின் நிறம், அமைப்பு ஆகியவற்றில் இத்தாலியின் மிசோனி தம்பதியர் அவரைவிட வெகுதூரம் சென்றார்கள். அவர்கள் எந்திரத்தையே தூரிகையாக்கியவர்கள். ரிக்கியெலின் ஆர்வம் நூலைவிட வெட்டிலும் தையலிலும்தான் இருந்தது.

பெண் விடுதலையோடு அவரை இணைத்துப் பேசுவதையும் பாதி மட்டுமே ஏற்கலாம். மாணவர் கிளர்ச்சி வெடித்த 1968 மே மாதம் கிரெனெல் தெருவில் தம் பெயரில் கடை திறந்தார். பருவந்தோறும் மாறும் நாகரிகத்துக்குப் பெண் பணிய வேண்டாம், தனக்குப் பொருந்துவதைத் தானே கலந்து உடுத்தட்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றோடொன்று சேரும்படியே உடைகளைச் செய்து அதைக் காப்பாற்றவும் செய்தார். அவை ஒரு மாதச் சம்பளக்காரிக்கு எட்டும் விலையில் இல்லை; இறுகிய அந்த வெட்டும் ஒல்லியான உடலையே மனத்தில் வைத்தது. இந்தக் குறையை அவர் உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன். 1977இல் த்ருவா சுயீஸ் அஞ்சல் விற்பனைப் பட்டியலுக்கு உடை வடிவமைத்தார். பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காத காலம் அது. 2010இல் எச் அண்ட் எம் கடைகளுக்கு வந்த ரிக்கியெல் பின்னலாடைகள் அதன் தாமதமான தொடர்ச்சி.

1980களிலிருந்து புதிய சிந்தனை குறைவு. வாசனைத் திரவியம், குழந்தை உடை என்று நிறுவனம் பெருத்தது. கோடுகள் வணிக முத்திரையாக எல்லாவற்றிலும் ஏறின. 2008இல் நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு முப்பது வடிவமைப்பாளர்கள் அவருக்காக உடைகள் செய்தார்கள். அவற்றில் பலவும் அந்தக் கூந்தலையும் கோடுகளையும் பாடின. அவருடைய தையலைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது வருத்தம். 2012இல் நிறுவனத்தின் 80 விழுக்காடு ஹாங்காங் முதலீட்டாளர்களுக்குப் போயிற்று. 2019 ஜூலையில் பாரிஸ் வணிக நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. பெயரைப் பிறகு வேறு சிலர் வாங்கினார்கள். ஒரு நபரின் உருவத்தை விற்றுப் பழகிய நிறுவனம், அந்த நபர் போனபின் விற்க எதுவும் இல்லாமல் நின்றது. இந்தத் தவறில் அவருக்கும் பங்கு உண்டு.

பின்னலாடையின் அரசி என்பது அகன்ற பட்டம். நூலிலும் நிறத்திலும் அந்த அரியணை மிசோனிகளுக்கே உரியது. ஆனால் ஸ்வெட்டர் என்ற ஓர் உடையின் வெட்டிலும் தையலிலும், 1962 முதல் 1970களின் இறுதி வரை, ரிக்கியெலுக்கு இணையாக இருபதாம் நூற்றாண்டில் எவரையும் நான் காணவில்லை.