பின்வாசலை யார் புதுப்பிப்பது?

செட்டிநாட்டுப் பக்கம் ஒரு வீட்டைப் புதுப்பித்து விடுதி ஆக்கியிருக்கிறார்கள். ஊர்ப்பேரும் விடுதிப்பேரும் வேண்டாம். இப்படிப் பல இருக்கின்றன. இந்த ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியவை. போன மாசம் என் அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு, காசு கட்டி, முன்வாசல் வழியாக உள்ளே போனேன்.

வேலையில் குறை இல்லை. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் பூசியிருக்கிறார்கள். உடைந்த தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்க்கிற பழைய பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். வீட்டை இடித்துத் தேக்கை விற்பவர்கள் நடுவே இது நல்ல காரியம்தான். என் சண்டை கட்டடத்தோடு இல்லை, அதற்குச் சொல்கிற கதையோடு.

சுற்றிக்காட்டிய பையன் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாகச் சொன்னான். பர்மாவில் சம்பாதித்தது என்றான். எப்படி என்று சொல்லவில்லை. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1938இல் 25 சதவீதம். நெல்விலை விழுந்து கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலம் அது. அந்த உழவனும் இந்தத் தூணுக்குள்ளே இருக்கிறான்.

கண்ணாடி அலமாரியில் வெண்கலமும் எனாமல் பாத்திரமும். 1930களைச் சேர்ந்தவையாம். அதே 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்களுக்குக் கள்ளர்கள் எட்டுத் தடை போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. சாதி பற்றி ஹட்டன் எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. தடை போட்டது நகரத்தார் அல்ல. ஆனாலும் அந்த வெண்கலத்தை நம் மண்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

அடுப்படியோடு பையன் "அவ்வளவுதான்" என்றான். அதுவரை பேசாமல் வந்த அப்பத்தா பின்வாசலைக் கைகாட்டினாள்.

"இங்கனதான்டா சின்னப்புள்ளயில ஓலப்பொட்டியோட நிப்பேன். கல்யாணச் சோத்துல மிச்சத்தப் போடுவாக. படிய மிதிக்கக் கூடாது."

பையன் முழித்தான். அந்தக் கதவைப் பூட்டி, சோப்பும் துண்டும் அடுக்குகிற இடமாக்கியிருந்தார்கள்.

எம்.ஏ. தமிழில் விருந்தோம்பல் அதிகாரம் படித்தேன். யார் விருந்து, யார் மிச்சத்துக்கு நின்றவர் என்று எந்த வாத்தியாரும் கேட்கவில்லை. விடுதியும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் உண்டு. அதே 2014இல், அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்கிற கரும்புத்தோட்ட மாளிகையை, அங்கே அடிமைப்பட்டவர்களின் கதையைச் சொல்வதற்கென்றே திறந்தார்கள். அதனால் மாளிகை இடிந்துவிடவில்லை.

இங்கேயும் பெரிய செலவு இல்லை. பின்வாசலைத் திறக்கணும். யார் அங்கே நின்றார்கள், ஏன் உள்ளே வரவில்லை என்று ஒரு பலகை வைக்கணும். முன்வாசலை மட்டும் துடைத்துவிட்டுப் பாரம்பரியம் என்றால் அது பாதி வீடுதான்.

மீதிப் பாதி நம் கிழவிகளின் வாயில் இருக்கிறது. தோழர்களே, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.