வாசிப்பு யாருடைய சொத்து?

வாசிப்பின் பெருமையைப் பேசாதார் இன்று நம்மிடையே இல்லை. ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது; பாடசாலைகளிலே பேச்சுப் போட்டிகளும் கட்டுரைப் போட்டிகளும் நிகழ்கின்றன. ஆயின், மாதம் கழிந்ததும் பல பாடசாலைகளில் நூலக அலுமாரி மீண்டும் பூட்டப்படுகிறது. வருடாந்தக் கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தால் பொறுப்பாசிரியர் விடை கூற வேண்டும். ஒரு நூல் பத்தாண்டுகளாக எவராலும் தொடப்படாதிருப்பினும் அதற்காக விடை கூறுவார் எவருமிலர். நூலை உடைமையாகக் கருதும் இம்மனப்பான்மைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராணபடனம் நெடுங்காலம் நிலவி வந்தது. ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாதாரும் இலக்கியத்தைச் செவி வழியாகப் பெற்றனர். இம்மரபின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆனால், கோயில் வாசல் யாருக்கு அடைக்கப்பட்டிருந்ததோ, அவருக்குப் புராணமும் அடைக்கப்பட்டே இருந்தது. 1930ஆம் ஆண்டை ஒட்டி, பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் வழங்க முற்பட்டபோது, சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. அடுத்த வாங்கில் அமர்ந்து ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டுவதைக் கூடச் சகியாத சமூகம் அது.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. அக்கொடுமையை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால், அந்த நெருப்பை நினைவுகூரும் நாம், அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் நம்மவரே மூட்டிய நெருப்பைப் பற்றி ஏன் மௌனம் சாதிக்கிறோம்? இரண்டும் அளவால் வேறுபட்டவை, செய்தோரும் வேறுபட்டோர். எனினும் இன்னார் கற்கக்கூடாது என்ற எண்ணமே இரண்டிற்கும் அடியில் கிடக்கிறது.

இந்த எண்ணத்தை முறியடித்தவர்களுள் டொமினிக் ஜீவா ஒருவர். பள்ளிக்கல்வியைத் தொடர இயலாது சிகையலங்காரத் தொழிலில் ஈடுபட்ட அவர், தம் வாசிப்பினாலேயே எழுத்தாளரானார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். அவரைத் தனிமனித முயற்சியின் சின்னமாக மட்டும் போற்றுவது போதாது. வாசிப்பு அவருக்குத் தம் நிலைமை விதியன்று, மனிதர் ஆக்கியதே என்பதை உணர்த்தியது. மனிதர் ஆக்கியதை மனிதர் மாற்றலாம். வளர்ந்தோர் ஏன் வாசிக்க வேண்டும் என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

குழந்தைகளின் நிலை என்ன? 1945இல் இலவசக் கல்வியும், 1980இல் இலவசப் பாடநூலும் வந்தன. இவை மக்கள் பெற்ற பெரும் பேறுகள். ஆயினும் இன்று பிள்ளையின் வாசிப்பைப் புலமைப்பரிசில் பரீட்சையும் தனியார் வகுப்பும் விழுங்கிவிட்டன. கதைப் புத்தகத்தை விரித்தால், "படிக்கிற நேரத்தில் என்ன கதை?" என்று அதட்டும் வீடுகள் எத்தனை! 2022ஆம் ஆண்டு தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டபோது நாடே பேசியது. அதே தட்டுப்பாட்டினால் நூல்களின் விலை ஏழைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்திற்குப் போனதை எத்தனை பேர் பேசினோம்?

பாடநூல் பிள்ளையிடம் விடையைக் கேட்கிறது. கதையை வாசிக்கும் பிள்ளையோ தானே வினாக்களைக் கேட்கத் தொடங்குகிறது. தோட்டத்து லயத்தில் வாழும் சிறுவனின் பசியைப் பட்டினத்துப் பிள்ளை தன் பசியாக உணர்வது கதையினால் மட்டுமே நிகழக்கூடியது. அவ்வுணர்வு முளையாத உள்ளத்தில் சமத்துவம் பற்றிய போதனை வேர்கொள்ளாது. இங்கே நம் எழுத்தாளரும் பொறுப்பேற்க வேண்டும். முற்போக்கு இலக்கியம் உழைப்பாளியைக் கதாநாயகனாக்கியது. அவனுடைய பிள்ளைக்கென எழுதியது மிகக் குறைவு. சிறுவர் இலக்கியம் என்ற பெயரில் கீழ்ப்படிதலைப் போதிக்கும் நீதிக்கதைகளே இன்றும் பெருகி வருகின்றன.

பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று குறைகூறும் பெற்றோரும் ஆசிரியரும், தாம் கடைசியாக வாசித்த நூல் எதுவென எண்ணிப் பார்க்கட்டும். முன்னர் ஊர்தோறும் வாசிகசாலைகள் இருந்தன. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, சூழ இருந்தோர் விவாதித்தனர்; அதைப் பார்த்தே சிறுவரும் வாசிக்கப் பழகினர். இன்று பல வாசிகசாலைகளில் கதவு உண்டு, வாசகர் இல்லை. வதந்தி கைபேசி வழியே நொடியில் பரவும் இக்காலத்தில், ஆராய்ந்து வாசிக்கத் தெரியாத சமூகம் எவருடைய வெறிக்கும் எளிதில் இரையாகும்.

செய்ய வேண்டியவை எளியவையே. வாரம் ஒரு பாடவேளையேனும் புள்ளியும் வினாத்தாளும் இன்றிப் பிள்ளைகள் விரும்பியதை வாசிக்கட்டும். அவ்வேளையில் ஆசிரியரும் ஒரு நூலை விரித்திருக்கட்டும். வாசிகசாலைகளை மாலை வேளைகளில் இளைஞர் பொறுப்பேற்று நடத்தட்டும். வாசிப்பினால் தேய்ந்து கிழிந்த நூலைக் கணக்கிலிருந்து நீக்க விதி செய்யப்படட்டும். எல்லாவற்றிற்கும் முதலாக, அலுமாரியின் சாவி பிள்ளைகளின் கைக்கு வரட்டும்.