‘புயலிலே ஒரு தோணி’: நிறையும் குறையும்

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்து, 1972இல்தான் நூலாக வெளிவந்தது. சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, இரண்டாம் உலகப் போரை அங்கேயே கண்டு, 1946இல் தாயகம் திரும்பியவர் ஆசிரியர். ஆகவே, அரண்மனையும் அந்தப்புரமுமாக நாம் படித்துப் பழகிய சரித்திர நாவல்களின் வரிசையில் இதனை வைத்தல் இயலாது.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை மேடானுள் நுழைகின்றது. வட்டிக்கடைத் தமிழர்கள் எந்தக் கொடிக்கு வணங்குவதென்று அறியாது நிற்கின்றனர். அந்நகரின் தெருக்களில் பாண்டியனின் கால்கள் நடக்க, மனமோ மதுரை வீதிகளிலும் பிறந்த ஊரின் சந்தையிலும் திரிகின்றது. பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து, இன்றும் கனவில் ஊர்க் குளக்கரையையே காணும் எம்மனோர்க்கு இப்பகுதிகளை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. கடைக்கணக்கு மொழியும் மலாய்ச் சொற்களும் விரவிய நடையும் அவ்வாறே இயல்பாக அமைந்துள்ளது. தொங்கானில் பினாங்கு செல்லும்போது வீசும் புயலுக்கு நிகரான கடற்காட்சியை நான் தமிழில் வேறெங்கும் படித்ததில்லை.

பிற்பகுதி எனக்கு நிறைவளிக்கவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தபின் பாண்டியன் எடுத்த செயலெல்லாம் முடிக்கும் திரைப்பட நாயகனாகி விடுகின்றான். பெண்பாத்திரங்கள் அவன் வழியில் வந்து போகும் நிழல்களே. தமிழ்ப் பெருமை பேசுவோரை எள்ளும் உரையாடல்களும் அளவு மீறி நீள்கின்றன. (ஆயினும் சங்க மேடை ஏறும் நாம் அவற்றை ஒருமுறை படிப்பது தகும், சிரிப்பு வரும், சற்றுச் சுடவும் செய்யும்.)

இவற்றினும் பெரிய மனக்குறை ஒன்றுண்டு. 1942–43இல் சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளர் எண்ணற்றோர். அவர்தம் துயர் இந்நாவலின் நடுவே இடம்பெறவில்லை. கடைப் பையன்களின் கண்வழியே போரைக் காட்டும் கதை, தோட்டத்துக் குடிசைகளின் பக்கம் ஏனோ போதிய அளவு திரும்பவில்லை.

இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குச் சில அத்தியாயங்களை வாசித்துக் காட்டினேன். புயலை மூச்சடக்கிக் கேட்டவள், மதுரை வீதிகள் வந்ததும் எழுந்து போய்விட்டாள். எனக்கோ அவ்விடத்தில்தான் நூலை மூட மனம் வரவில்லை.