குரலைத் தொலைக்கும் திரைக்கதைகள்

நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி.சந்திரபாபுவைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு வரியில் வந்து நிற்கிறார்கள்: அவர் வாழ்க்கையே ஒரு சினிமா. வறுமை, தற்கொலை முயற்சி, நிலைக்காத மணவாழ்க்கை, பாதியில் நின்றுபோன ‘மாடி வீட்டு ஏழை’ படம், கடன், குடி, 1974இல் ஐம்பதை எட்டாத வயதில் மரணம். திரைக்கதை தயார் என்கிறார்கள். இந்தப் பட்டியலில் பாட்டு எங்கே இருக்கிறது? பாட்டை எடுத்துவிட்டால், மிஞ்சுவது குடித்துக் கெட்ட எவருடைய கதையாகவும் இருக்கலாம்.

பாடகரின் வாழ்க்கைப் படம் நமக்குப் புதிதல்ல. தமிழ், தெலுங்கு, கன்னடப் படங்கள் மூன்றும் ஒரே ஊரில் ஓடும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ரசிகருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் கே.பி.சுந்தராம்பாளின் ‘பக்த நந்தனார்’ (1935), தெலுங்கில் நாகையாவின் ‘தியாகய்யா’ (1946), கன்னடத்தில் ராஜ்குமார் புரந்தரதாசராக வந்த ‘நவகோடி நாராயணா’ (1964) எல்லாவற்றுக்கும் அச்சு ஒன்றுதான்: துன்பம் படிக்கட்டு, உச்சியில் கடவுள். ஹாலிவுட் அதே படிக்கட்டில் ஆளைக் கீழே இறக்கியது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயைப் பற்றிய ‘லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்’ (1972) போதை ஊசியையே பெரிதாகக் காட்டியது. பாட்டுகளை டயானா ராஸ் தன் குரலில் பாடினார், நன்றாகவே பாடினார். ஆனால் ஹாலிடேயின் குரல் அந்தப் படத்தில் இல்லை. நடிகை சாவித்திரியின் கதையான ‘நடிகையர் திலகம்’ (2018) படமும் பிற்பாதியில் இந்தப் படிக்கட்டில்தான் இறங்குகிறது. விலகி நின்ற படங்கள் குறைவு. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘பேர்ட்’ (1988) படத்திலும் போதை உண்டு. ஆனால் படத்தின் நாயகரான ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் பழைய பதிவுகளிலிருந்து அவர் சாக்ஸபோனை மட்டும் பிரித்தெடுத்து, அதற்குப் புதிதாகப் பக்கவாத்தியம் சேர்த்தார்கள். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் நாகாபரணா எடுத்த ‘சந்த சிசுநாள ஷரீபா’வில் (1990) சி.அஸ்வத்தின் இசையே கதையை நகர்த்துகிறது. நமக்கு வேண்டிய வழி இதுதான்.

சந்திரபாபுவிடம் அதற்கான சரக்கு ஏராளம். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் படித்து, சென்னைக்கு வந்தவர் அவர். மேற்கத்திய இசையை மேலே பூசிக்கொண்டவரல்ல; அது அவர் தொண்டையிலேயே இருந்தது. ‘பெண்’ (1954) படத்தில் எஸ்.பாலசந்தருக்காக அவர் பாடிய கல்யாணப் பாட்டைக் கேளுங்கள். நெஞ்சுக்குரலில் போய்க்கொண்டிருக்கும் வரி சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவி, அந்தரத்தில் ஒரு சிரிப்பைச் சுழற்றிவிட்டு, தாளம் பிசகாமல் பழைய இடத்துக்கே இறங்கும். யோட்லிங் என்கிற அந்த வித்தையைத் தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் கெடாமல் செய்தவர் அவர். திரையில் வாயசைத்தவரோ பின்னாளில் வீணை மேதையான பாலசந்தர்! இந்த ஒரு ஒலிப்பதிவு நாளையே அரை மணி நேரப் படமாக எடுக்கலாம். அதே தொண்டைதான் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ (1960) படத்தில், அழுகையைப் பற்றிய பாட்டைத் துளியும் அழாமல் பாடியது.

குடியை மறைத்தால் அதுவும் பக்திப் படம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மறைக்க வேண்டாம், ஆனால் பாட்டுக்குக் காரணமாகக் குடியைக் காட்டக் கூடாது. குடி பாட்டைத் தரவில்லை, பாடியவரைத்தான் கொண்டுபோனது. நகைச்சுவை நடிகரின் பாட்டை ப்ளூஸ் பக்கத்தில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். ப்ளூஸும் தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் இசைதான். தன்னை முட்டாள் என்று சொல்லிப் பாடி ஊரைச் சிரிக்க வைத்தவருக்கு அந்த இடம் அந்நியமில்லை.

படம் எடுக்க வருகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அவரைப் போலவே ஆடுகிற நடிகரைத் தேடிக்கொள்ளுங்கள், தொப்பியும் கோட்டும் தைத்துக்கொள்ளுங்கள். குரலை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அது பதிவாகி இருக்கிறது.