88 நொடிகள், 41 ஆண்டுகள்

அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் உள்ள கிரீன்ஸ்போரோவுக்கு வரலாற்றில் நல்ல பெயர் உண்டு. 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் வுல்வொர்த் கடையின் உணவு மேசையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து எழ மறுத்த ஊர் அது. அந்த நாளைக் கொண்டாடும் ஊர், 1979 நவம்பர் 3ஐ மறக்கவே பாடுபட்டது.

அன்று காலை, மார்னிங்சைடு ஹோம்ஸ் என்ற கறுப்பினத்தவரின் அரசுக் குடியிருப்பில், வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானுக்கு எதிரான ஊர்வலத்துக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள், ஜவுளி ஆலைகளில் சங்கம் கட்டிவந்த கம்யூனிஸ்டுகள். கிளான்காரர்களும் அமெரிக்க நாஜிகளும் ஒன்பது வண்டிகளில் வந்து இறங்கினார்கள். அவர்கள் சுட்டதில் 88 நொடிகளில் ஐந்து உயிர்கள் போயின. தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்தன, காவலர்களைக் காணோம். வண்டிகளை வழிநடத்தி வந்தவரே காவல்துறையின் உளவாளி. ஊர்வலப் பாதை குறித்த அனுமதிச் சீட்டின் நகலை அவருக்குக் கொடுத்ததும் காவல்துறைதான்.

1980இலும் 1984இலும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரிகள் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தன. 1985இல் சிவில் வழக்கில் ஒரே ஒரு சாவுக்குப் பொறுப்பு சுமத்தப்பட்டது. அந்த இழப்பீட்டில் கிளான், நாஜிகளின் பங்கையும் சேர்த்து நகராட்சியே கட்டியது. அதாவது, சுட்டவர்களுக்காக ஊர்மக்களின் வரிப்பணம் போனது.

இந்தப் பின்னணியில்தான் உயிர் பிழைத்தவர்களும் உள்ளூர் அமைப்புகளும், நிறவெறி ஆட்சிக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் அமைந்த ஆணையத்தைப் பார்த்துத் தங்களுக்கென ஓர் உண்மை அறியும் ஆணையத்தை அமைத்தார்கள். 2004 ஜூனில் ஏழு பேர் பொறுப்பேற்றார்கள். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. நாட்டிலேயே இப்படியொரு ஆணையம் அதுதான் முதல். அது சாதித்தது என்ன?

முதல் ஐயம் நடுநிலை பற்றியது. பாதிக்கப்பட்டவர்கள் தொடங்கியது பாதிக்கப்பட்டவர்களுக்குச் சாதகமாகத்தானே பேசும்? அறிக்கையைப் புரட்டினால் அப்படி இல்லை. விளைவுக்கு முதன்மைக் காரணம் காவலர்கள் இல்லாததுதான் என்று சொன்ன அதே ஆணையம், ஏற்பாட்டாளர்களின் சீண்டும் பேச்சையும் அவர்கள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டதையும் குறித்து, சிறிதளவேனும் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு என்றது. தன்னை உருவாக்கியவர்களையே குறைசொன்ன அறிக்கையை ஒருதலைப்பட்சம் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது ஐயம் அதிகாரம் பற்றியது, இது கனமானது. தென்னாப்பிரிக்காவின் ஆணையத்துக்குச் சட்டம் இருந்தது, பொதுமன்னிப்பு வழங்கும் உரிமை இருந்தது. கிரீன்ஸ்போரோவில் அழைப்பாணைகூட அனுப்ப முடியாது. 2005இல் நகர மன்றம் இந்த முயற்சிக்கு எதிராக 6-3 என்று வாக்களித்தது. எதிர்த்த ஆறு பேரும் வெள்ளையர், ஆதரித்த மூவரும் கறுப்பினத்தவர். இனப்பிளவை ஆராய வந்த ஆணையத்துக்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் கிளான் தலைவர் வர்ஜில் கிரிஃபின் தானாக வந்து பொது விசாரணையில் பேசினார். பேசினாரே தவிர வருந்தவில்லை. விரும்பி வருபவர் தன் கதையைச் சொல்வார், கணக்குக் கொடுக்கமாட்டார். இந்த முறையின் எல்லை அதுதான்.

மூன்றாவது, ஆறுதல். இங்கேதான் என் மனம் ஒப்பவில்லை. குண்டுகள் பாய்ந்தது மார்னிங்சைடு வாசிகளின் வாசலில். ஊர்வலத்துக்கு முன் ஏற்பாட்டாளர்கள் அவர்களிடம் முறையாகக் கலந்துபேசவில்லை என்பதை ஆணையமே பதிவுசெய்தது. அறிக்கை வருவதற்குள் அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டு, வேறு பெயரில் புதிய வீடுகள் எழும்பத் தொடங்கிவிட்டன. யாருடைய காயத்தை ஆற்றவேண்டுமோ அவர்கள் சிதறிப்போன பிறகு நடக்கும் ஆற்றுதல் அரைகுறையாகத்தான் இருக்கும்.

அப்படியானால் வீண்முயற்சியா? இல்லை. 2015இல் அந்த இடத்துக்கு அருகே "கிரீன்ஸ்போரோ படுகொலை" என்ற வரலாற்றுப் பலகை நின்றது. அதுவரை பலரும் "துப்பாக்கிச் சண்டை" என்றே சொல்லிவந்த ஊரில் ஒரு சொல் மாறுவது சின்ன விஷயமல்ல. 2020 அக்டோபரில், தாக்குதல் நடக்கலாம் என்று அறிந்தும் காவல்துறை எச்சரிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. கொல்லப்பட்ட ஐவரின் நினைவாகப் பள்ளி முடிக்கும் ஐந்து மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஆளுக்கு 1,979 டாலர் உதவித்தொகை அறிவித்தது. ஆண்டை மறக்கவிடாத தொகை. பல கல்லூரிகளில் ஒரு பருவத்துக்குக்கூடப் போதாத தொகை.

என் முடிவு இது: நீதியாக அந்த ஆணையம் தோற்றது, ஆறுதலாகப் பாதி வென்றது, ஊரின் நினைவைத் திருத்தியதில் முழுதாக வென்றது. நீதிமன்றங்கள் கைவிட்ட உண்மையைப் பொறுமையோடு காப்பாற்றியவர்களை அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. மிச்சத்தை அரசிடம்தான் கேட்கவேண்டும். ஆனால் இந்த வழியில் அடுத்து நடப்பவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ளட்டும்: முதல் நாற்காலி, யார் வாசலில் ரத்தம் சிந்தியதோ அவர்களுக்கு.